இருபத்தோரு படிக்கு எத்தனை கிலோ

களவாண்டுகொண்டு போனாள் என்று முத்துப்பேச்சி சொன்னால் நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுவீர்களா? களவாண்டவள் உச்சி வெயிலில், சைக்கிளில் மூணு தகர டின்னைக் கட்டி, தெரு நடுவே தள்ளிக்கொண்டா போவாள்? நாத்தனார் சீரைக் கொள்ளையடித்தவளாம், அதிரசத்துக்கு ஆசைப்பட்டு மாமியார் வீட்டை விட்டு இறங்கினவளாம், குழாயடியில் பேச்சு. ரூபிக்கு அதிரசம் பிடிக்கவே பிடிக்காது. விண்டு நாக்கில் வைக்கமாட்டாள். அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பேசுகிற வாயை என்ன செய்ய? இருங்கள், முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். நடுவில் குறுக்கே பேசக்கூடாது.

ரூபி எரியோட்டுப் பெண். அவள் அப்பா கஸ்பார் அங்கே தையல் மிஷின் போட்டிருந்தார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆளைப் பார்த்தாலே சட்டை அளவு சொல்லிவிடுவார், கால் இஞ்சு பிசகாது. இவள் தவழ்கிற வயதில் தாய் போய்ச் சேர்ந்தாள். கஸ்பார் மறுகல்யாணம் கட்டவில்லை. அப்பனும் மகளுமாகப் பொங்கித் தின்றார்கள். அரிசி கடையிலிருந்து கிலோவில் வரும், உலையில் போட ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அரிசி அளக்கிற படி என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. ரெண்டு வயிற்றுக்குப் படி எதற்கு? பிசகினது அங்கேதான். கஸ்பார் கெட்டவர் என்று யாரும் சொல்ல வேண்டாம், அவர் வீட்டில் படி இல்லை, அம்புட்டுதான்.

தொண்ணூற்றாறில் திண்டுக்கல்லில் இருந்து ரூபிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜ் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தான். வாயில் இருந்து சொல் எடுப்பதற்குள் விடிந்துவிடும், அப்படி ஒரு பிள்ளை. அவன் அம்மா ரோசலினுக்கு அந்தக் குறையே கிடையாது. புருசனைப் பறிகொடுத்துவிட்டு மகனையும் மகள் டெய்சியையும் ஒண்டியாக வளர்த்தவள், தெருவில் தன் பேச்சுக்கு ஒரு மரியாதை வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நகை என்று வாயைத் திறக்கவில்லை. கட்டில் பீரோ கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இருபத்தோரு படி பலகாரம் வச்சிருங்க சம்பந்தி. எங்க தெருவுல ஒரு வீடு விடாமப் பங்கு வைக்கணும். எனக்கு எங்க வீட்டுல அம்புட்டுத்தான் வச்சாங்க."

"வச்சிருவோம் சம்பந்தியம்மா" என்றார் கஸ்பார்.

நம் பக்கத்தில் சீர் பலகாரத்தைப் படியில்தான் சொல்லுவது. பதினோரு படி முறுக்கு என்றால் பதினோரு படி அரிசி போட்டுச் சுட்ட முறுக்கு. சுட்ட முறுக்கைப் படியில் போட்டு யாராவது அளப்பார்களா? பத்துப் படி அதிரசம் என்றால் பத்துப் படி அரிசிக்கு உண்டான அதிரசம். உளுந்தும் வெல்லமும் எண்ணெயும் அதற்கு மேலே. இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. அடுப்படியில் பெண்பிள்ளைகள் நாலு பேர் உட்காருகிற வீட்டில் காற்றோடு காதில் விழுந்துவிடும். கஸ்பார் வீட்டில் அடுப்படியில் உட்கார யார் இருந்தார்கள்?

அவர் பஸ் ஏறிப்போய் ஒரு ஸ்வீட் கடையில் நின்றார். இருபத்தோரு படி பலகாரம் வேண்டும் என்றார். கடைக்காரர் சிரித்தார்.

"இங்க எல்லாம் கிலோதாண்ணே. எத்தன கிலோ போட?"

"ஒரு படிக்கு எத்தன கிலோ வரும்?"

கடைக்காரர் படி என்றதும் அரிசியை நினைத்துக்கொண்டார். "ஒன்றரைக்குச் செத்தக் கம்மியா வரும்."

கஸ்பார் அங்கேயே மனக்கணக்குப் போட்டார். முப்பது கிலோ வந்தது. குறையாக இருந்துவிடக் கூடாது என்று ஒரு கிலோ அதிரசம் கூடவே போடச் சொன்னார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஏமாற்ற நினைக்கிறவன் கூட ஒரு கிலோ போடச் சொல்லுவானா?

கோயிலில் தாலி கட்டி, விருந்து முடிந்து, மறுநாள் ரோசலின் வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து பங்கு வைத்தார்கள். வீட்டுக்கு இத்தனை முறுக்கு, இத்தனை அதிரசம் என்று வாழை இலைத் துண்டில் கட்டிக் கட்டிக் கொடுக்க, டெய்சி ஓடி ஓடிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேற்கு வரிசை முடிந்தது. கிழக்கு வரிசையில் பாதி வீடு தாண்டும்போது கையை விட்டால் டின்னின் அடித் தகரம் தட்டுப்பட்டது. அடுத்த டின்னைத் தேடினார்கள். அடுத்த டின் இல்லை. கடைசி எட்டு வீட்டுக்குப் பங்கு போகவில்லை. அதில் முதல் வீடு முத்துப்பேச்சி வீடு.

விட்டுப்போன வீடு என்றால் சும்மா இல்லை. உன்னை நாங்கள் கணக்கில் வைக்கவில்லை என்று சொன்ன மாதிரி. அந்த எட்டு வீட்டுக்காரர்களும் மொய் எழுதினவர்கள், முதல் நாள் பந்தியில் தண்ணீர் ஊற்றினவர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கஸ்பார் மகளைப் பார்க்க வந்தார். ரோசலின் அவரை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"இருபத்தோரு படின்னு சொன்னோமே சம்பந்தி. மிச்சம் எங்க?"

"மிச்சமா? படிக்கு ஒன்றரை கிலோவுக்குச் செத்தக் கம்மி. முப்பது கிலோ போட்டு, மேல ஒரு கிலோவும் போட்டுருக்கேன். கணக்குச் சரியா இருக்கே."

"கிலோ கிலின்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுல அம்புட்டு வச்சப்ப ஊரே தின்னுச்சு. நீங்க வச்சதுல எட்டு வீடு முழிச்சுக்கிட்டு இருக்கு. அது எனக்குத் தெரியுது."

"நான் ஏமாத்துனேன்னு சொல்றீங்களா?" கஸ்பார் குரலை உயர்த்தினார். "படிக்கு ஒன்றரை கிலோ! யாரை வேணும்னாலும் கேளுங்க!"

எதிர்ச் சுவரில் சாய்ந்து முத்துப்பேச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "விடுங்கக்கா" என்றாள் ரோசலினிடம். "குறைபடி வீட்டுல பொண்ணெடுத்தா பலகாரமும் குறைபடியாத்தான் வரும்." நாலு பேர் சிரித்தார்கள். கஸ்பார் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மகளைப் பார்க்க வேண்டும் என்றால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். ரூபி அங்கே போவாள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அப்பனும் மகளும் பேசிவிட்டு அவரவர் வழியில் திரும்புவார்கள். கட்டிக் கொடுத்த மகளை பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கிற அப்பன் எங்கேயாவது உண்டா? ரூபிக்கு அந்த வீட்டில் வேறு குறை இல்லை. அப்பா வாசலேறி வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு. தெருவில் அவளுக்குப் பேர் 'குறைபடி' என்றே ஆகிவிட்டது. 'குறைபடி தண்ணிக்கு வந்துட்டா, வழிவிடுங்கடி' என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தை வைப்பாள். வேறு என்ன செய்ய?

ரோசலினைக் கெட்டவளாக்கிப் பேசினாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ரூபிக்குப் பிள்ளை பிறந்தபோது தாய் இல்லாத குறை தெரியாமல் பத்தியம் பார்த்துப் போட்டது அவள்தான். நாலு பேர் முன்னால் குறைபடி என்று அவள் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் சொன்னவர்களை அதட்டியதும் இல்லை. தெருவில் தன் வீட்டுக் கல்யாணத்தில் எட்டு வீடு விட்டுப்போனது அவளுக்கும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

முதல் கிறிஸ்மஸ் வந்தது. ரோசலின் வீட்டில் ரெண்டு படி அதிரசம் போட்டார்கள். அரிசியைக் கடையிலிருந்து வாங்கி வந்தது ரூபிதான். ரெண்டு படிக்கு என்று அளந்து போட்டதைப் பையில் கட்டி ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், மூணு கிலோவுக்குள்தானே. ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, மாவாக்கி, வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து, ரெண்டு நாள் வைத்து எண்ணெயில் சுட்டு எடுத்தார்கள். ஆறினதும் டின்னில் அடுக்கி, பரணுக்கு ஏற்ற ரூபி அதைத் தூக்கினாள். ஒரு கைக்கு ஏறவில்லை. ரெண்டு கையும் கொடுத்து, முழங்காலை முட்டுக் கொடுத்துத்தான் தூக்க முடிந்தது.

அப்படியே டின்னைக் கீழே வைத்துவிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதே ரெண்டு படிதான். அரிசியாக வந்தபோது ஒரு கை, பலகாரமானதும் ரெண்டு கை. வெல்லம் அதற்குள் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. அப்பா கொடுத்தது இருபத்தோரு படி அரிசியின் எடை. இவர்கள் கேட்டது இருபத்தோரு படி அரிசி போட்ட பலகாரம். அப்பா ஏமாற்றவில்லை. ஆனால் குறையத்தான் கொடுத்திருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து அவரிடம் சொன்னாள். கஸ்பார் டீ கிளாஸைப் பெஞ்சில் இறக்கி வைத்தார்.

"அப்ப அந்தம்மா சொன்னது சரிதானா?"

"சரிதாம்ப்பா. நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்."

"நான் வாசல்ல நின்னு கத்துனேனே, ஆத்தா." அவருக்கு அதுதான் ஆறவில்லை. "இப்பக் கொண்டாந்து வச்சிரட்டுமா? மிச்சத்த?"

ரூபி வந்து மாமியாரிடம் கேட்டாள். எடைக் கணக்கை எடுத்துச் சொல்லப்போனால் ரோசலின் காதிலேயே வாங்கவில்லை. கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் முடிஞ்சு வருசமாகப் போகுது. இப்ப வர்ற பலகாரத்துக்கு என்ன பேரு? யாரு வாங்குவா? பழைய கதைய நாமளே கிண்டிவிட்டு ஊரு சிரிக்கவா? உங்கப்பாரு வந்தா வரட்டும், கை வீசிக்கிட்டு வரட்டும். நான் வர வேணாம்னு சொன்னேனா?"

கை வீசிக்கொண்டு வர கஸ்பாருக்கு மனசு இல்லை. பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குக் கோயிலுக்கு வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கினார். ஸ்டீபன்ராஜ் அபூர்வமாக வாயைத் திறந்து, "வீட்டுக்கு வாங்க மாமா, ஆட்டோ நிக்குது" என்றான். "இன்னொரு நாளைக்கு வாரேன் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

வருசம் ஓடியது. ரெண்டாயிரத்து மூணில் டெய்சிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை ரொனால்டு ஆயக்குடிப் பையன், கொய்யாத் தோப்புக்காரர்கள். ரொனால்டின் அப்பா மிச்சமாக ஒரு வார்த்தை பேசாத மனுசர். சீர் பேச்சு வந்தபோது, "எங்களுக்கு நெறையா உறவு இல்லீங்க. பலகாரம் ஒரு முப்பது கிலோ இருந்தாப் போதுங்க" என்றார்.

அவர்கள் போனபிறகு ரோசலின் விரலை மடக்கினாள். "முப்பது கிலோன்னா எத்தன படி?" கேட்டதும் அவள், பதில் சொன்னதும் அவள். "இருபத்தோரு படி. அன்னைக்கு ஒங்கப்பாரு வாசல்ல நின்னு சொன்னாருல்ல, எனக்கு மறக்கல."

"அத்தை, அது அரிசிக்கு. சுட்ட பலகாரத்துக்கு அது வராது. பன்னெண்டு பதிமூணு படி போட்டாலே முப்பது கிலோ தேறிரும்."

"பன்னெண்டு படியா? எம் மகளுக்கா? உன்னையக் குறைபடின்னாங்கன்னு அவளையும் குறைபடியாக்கப் பாக்குறியா?"

ஏழு வருசத்தில் அந்தச் சொல் ரோசலின் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். ரூபி மெதுவாகச் சொன்னாள். "நீங்க இப்பப் போடுறது எங்கப்பா கணக்குதான் அத்தை."

"உங்கப்பாரு போட்டப்ப அது தப்பு. நான் போட்டா சரி. போயி அரிசிய ஊறப்போடு."

டெய்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "விடுங்க மதினி, இதுக்கு மேல பேசுனா இருபத்தஞ்சு படி ஆக்கிரும் அம்மா."

இருபத்தோரு படியும் போட்டார்கள். ரோசலின் அடுப்புக்கு முன்னால், ரூபி முறுக்குப் பிழிய. வீடு முழுக்க டின். கல்யாணம் முடிந்து மறுநாள் ஆயக்குடியில் இருந்து வேன் வந்தது, சந்தைக்குக் கொய்யா ஏற்றுகிற வேன்தான். கூடை நிறுக்கிற கொக்கித் தராசு அதிலேயே தொங்கியது. ரொனால்டின் அப்பா டின் டின்னாக மாட்டி நிறுத்தார். முப்பது கிலோ ஏறினதும் கொக்கியைக் கழற்றிவிட்டார். கீழே இன்னும் மூணு டின் நின்றது, ஒன்றில் முறுக்கு, ரெண்டில் அதிரசம்.

"இதையும் ஏத்துங்க சம்பந்தி" என்றாள் ரோசலின்.

"முப்பதுதானுங்க கேட்டோம். இது இன்னுமொரு இருபது கிலோ இருக்குமுங்க. நாலு பேரு இருக்குற வீட்டுல இதெல்லாம் கெட்டுப்போகுமுங்க. நாளைக்கு நாங்களும் இதுக்குத் தக்கன திருப்பிச் செய்யணுமில்லீங்க. வேண்டாமுங்க."

எவ்வளவு சொல்லியும் மனுசர் அசையவில்லை. வேன் போய்விட்டது. ரோசலின் மூணு டின்னையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பழைய சேலையைப் போட்டு மூடினாள். பெண் வீட்டில் சுட்ட சீர் பலகாரம் பெண் வீட்டுத் தெருவிலேயே பங்கு வந்தால், மாப்பிள்ளை வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள். அதற்காகத்தான் மூடினாள். மூணு நாள் மூடி வைத்திருந்தாள். நாலாம் நாள் எறும்பு வரிசை கட்டிலுக்கு அடியில் போனது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ரூபி சேலையை விலக்கி டின்களை வெளியே இழுத்தாள்.

"அதை எதுக்கு எடுக்குற?" என்றாள் ரோசலின்.

"விட்டுப்போன எட்டு வீட்டுக்குக் கொண்டுபோறேன் அத்தை."

"டெய்சி பலகாரம் திரும்பி வந்துருச்சுன்னு தமுக்கடிக்கப் போறியா?"

"டெய்சி பலகாரம்னு சொல்லமாட்டேன். எரியோட்டுப் பலகாரம், எங்கப்பா வச்சது, அன்னைக்கு விட்டுப்போச்சுன்னு சொல்லுவேன்."

ரோசலினுக்கு முகம் சிவந்துவிட்டது. சீர் திரும்பி வந்தது என்கிற பேரைக்கூடப் பொறுத்திருப்பாள். "அரிசி எங்க வீட்டுது. வெல்லம் எங்க வீட்டுது. பேரு உங்கப்பனுக்கா?"

"அரிசி உங்களுது. பிழிஞ்ச கை என்னோடது. எறும்பு திங்கிறதுக்கு அப்பா பேருல போகட்டுமே அத்தை. எங்கப்பா இந்தத் தெருவுக்குள்ள வரணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"அதோட வாசலைத் தாண்டுனேன்னு வையி, திரும்பி இந்த வீட்டுக்குள்ள வராத."

ரூபி ஒரு டின்னைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனாள். ராத்திரி ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த ஸ்டீபன்ராஜ் சத்தத்தில் எழுந்து வந்து நின்றான். அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் என்ன சொல்லுவான் என்று ரெண்டு பேரும் நின்றார்கள். அவன் மிச்ச ரெண்டு டின்னையும் தூக்கி வந்து, சைக்கிள் கேரியருக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று, மேலே ஒன்று என்று வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். அசைத்துப் பார்த்தான்.

"செருப்பைப் போட்டுக்க" என்றான். "ரோடு சுடும்."

ரோசலின் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தான். ரூபி செருப்பை மாட்டிக்கொண்டு முந்தானையை இடுப்பில் செருகினாள். கட்டியிருந்த சேலையைத் தவிர அந்த வீட்டிலிருந்து அவள் ஒரு துணி எடுக்கவில்லை. சைக்கிள் பாரத்தில் பின்னால் இழுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டிக் கிழக்கு வரிசைப் பக்கம் திருப்பினாள்.

முத்துப்பேச்சி தன் வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன குறைபடி, மூட்டை முடிச்சோட எங்கிட்டுப் பயணம்?"

"ஒங்க வீட்டுக்குத்தாங்க்கா" என்றாள் ரூபி. "பெரிய பாத்திரமாக் கொண்டாங்க."